திரும்பத் திரும்பப் படித்தும் பரீட்சையில் ஏன் வருவதில்லை?

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கிற வீடுகளில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தவறாமல் கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. "அஞ்சு தடவ படிச்சேன், ஹால்ல போய் உட்கார்ந்தா ஒண்ணுமே வரல." இதைச் சொல்கிற பிள்ளை பொய் சொல்வதில்லை. உண்மையிலேயே ஐந்து தடவை படித்திருக்கும், கண் விழித்துப் படித்திருக்கும். வீட்டில் உடனே கவனம் போதவில்லை, செல்போனைப் பிடுங்கி வைக்கவேண்டும், பக்கத்து வீட்டுப் பையனைப் பார் என்று ஆரம்பித்துவிடுவார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை. அந்தப் பிள்ளை சொன்ன வாக்கியத்திலேயே இருக்கிறது: ஐந்து தடவை படித்தேன் என்கிறது, ஒரு தடவையாவது மூடி வைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன் என்று சொல்லவில்லை.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறிய அறிவியல் பத்தியைக் கொடுத்தார்கள். ஐந்தைந்து நிமிடமாக நான்கு சுற்று. ஒரு குழுவினர் நான்கு சுற்றிலும் அதையே திரும்பத் திரும்பப் படித்தார்கள், சராசரியாகப் பதினான்கு முறை படித்துவிட்டார்கள். இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் படித்தது, மூன்று நான்கு முறை இருக்கும், அவ்வளவுதான். மிச்ச மூன்று சுற்றிலும் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, நினைவில் இருப்பதையெல்லாம் வெள்ளைத்தாளில் எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்த குழுவுக்குத்தான் வெற்றி: 83 சதவீதம் எழுதினார்கள், மற்றவர்கள் 71. சரி, ஒரு வாரம் கழித்து? நிலைமை தலைகீழ். பதினான்கு முறை படித்தவர்கள் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொரு விஷயம். ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று இரண்டு தரப்பையும் முன்கூட்டியே கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் நம்பிக்கை அதிகம். குறைவாக நினைவு வைக்கப் போகிறவர்கள்தான் நன்றாகத் தெரியும் என்று நினைத்திருக்கிறார்கள்! ஹாலில் அழுகிற பிள்ளையின் கதை முழுக்க இந்த ஒரு இடத்தில் அடங்கிவிடுகிறது.

ஏன் இப்படி ஏமாறுகிறோம் என்றால், கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பார்த்து "ஆமா, இது தெரியும்" என்று அடையாளம் காண்பது ஒரு வேலை, ஒன்றுமே இல்லாத தாளைப் பார்த்து அதை உள்ளிருந்து வரவழைப்பது முற்றிலும் வேறு வேலை. மூன்றாவது தடவை படிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு ஓடும், அடுத்த வரி என்ன என்பதுகூடத் தெரியும், அந்தச் சுலபத்தை மனம் "கற்றுவிட்டோம்" என்று எடுத்துக்கொள்கிறது. பரீட்சை கேட்பதோ இரண்டாவது வேலையை. முதல் வேலையை மட்டும் மாதக்கணக்கில் பழகிவிட்டு இரண்டாவதை முதல்முறையாகத் தேர்வு அறையில் செய்தால் கை நடுங்கத்தானே செய்யும்.

ஒரு பாடத்தை எடுத்துப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒளியியல் பாடம், பார்வைக் குறைபாடுகள் பகுதி. கிட்டப்பார்வையில் விழிக்கோளம் நீண்டுவிடுகிறது, தொலைவில் உள்ள பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது, குழிலென்சு போட்டுச் சரிசெய்கிறோம். தூரப்பார்வையில் விழிக்கோளம் குறுகுகிறது, அருகில் உள்ள பொருளின் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் போகிறது, குவிலென்சு. படிக்கும்போது இதில் என்ன கஷ்டம்? ஒன்றுமில்லை. இப்போது புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். கிட்டப்பார்வைக்குக் குழியா குவியா? பிம்பம் முன்னாலா பின்னாலா? கிட்டப்பார்வை என்றால் கிட்டே தெரியுமா, தெரியாதா? நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இந்த இடத்தில் ஒரு நொடி தடுமாறுவார்கள், பலர் மாற்றி எழுதுவார்கள். அந்தத் தடுமாற்றம் மிகவும் பயனுள்ளது. எங்கே ஓட்டை இருக்கிறது என்று அது காட்டிவிட்டது. இப்போது புத்தகத்தைத் திறந்து பார்த்தால் கண் நேராக அந்த வரிக்குப் போகும், "ஓ, நீண்டுபோனதால் முன்னால் விழுகிறது, அதனால்தான் கதிரை விரிக்கிற குழிலென்சு" என்று காரணத்தோடு சேர்ந்து பதியும். இதையே மூடிப் பார்க்காமல் நான்காவது தடவை படித்திருந்தால் அந்த ஓட்டை இருப்பதே தெரிந்திருக்காது.

அதனால் முறை ரொம்ப எளிமையானது. ஒரு பகுதியைப் புரிந்துகொண்டு படியுங்கள், மூடுங்கள், ஒரு பழைய நோட்டில் வந்ததையெல்லாம் எழுதுங்கள், வரிசையாக வரவேண்டும் என்றில்லை, கையெழுத்து அழகாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. இனிமேல் வராது என்கிற வரைக்கும் யோசியுங்கள், உடனே புத்தகத்தைப் புரட்டாதீர்கள். அப்புறம் திறந்து வேறு நிற மையில் விட்டதைச் சேருங்கள், தப்பைத் திருத்துங்கள். இந்தத் திருத்துகிற வேலையைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால், தப்பாக எழுதியதே மனதில் உட்கார்ந்துவிடும் ஆபத்து உண்டு. மறுநாள் ஆரம்பிக்கும்போது அந்த வேறு நிறத்தில் இருப்பதை மட்டும் மறுபடி மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள்.

இப்படிச் செய்யும்போது நேரம் அதிகம் ஆவது போலவும், நமக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது போலவும் தோன்றும். முதல் வாரம் பெரும்பாலானவர்கள் கைவிடுவது இந்த உணர்ச்சியால்தான். சுலபமாக இருக்கிற படிப்பு குறைவாக ஒட்டும், கொஞ்சம் திணறவைக்கிற படிப்பு நன்றாக ஒட்டும் என்பதை அந்தப் பிள்ளைக்கு யாராவது முன்னாலேயே சொல்லிவைத்தால் தாக்குப்பிடித்துவிடும்.

இதற்கெல்லாம் அமெரிக்கா வரைக்கும் போகவேண்டுமா என்றால், வேண்டியதில்லை. பதிமூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்திலேயே மாணவன் எப்படிப் பயிலவேண்டும் என்று இருக்கிறது. கேட்டதை நினைத்துப் பார்க்கவேண்டும், கேள்வி கேட்கவேண்டும், கேட்ட கேள்விக்கு விடை சொல்லவேண்டும் என்கிறார். ஆசிரியர் சொல்லிக்கொடுப்பதில் கால் பங்குதான் கிடைக்கும், உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை என்று கணக்கும் போட்டிருக்கிறார். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளையிடம் ஒப்பித்த வழக்கமும் இதே வேலையைத்தான் செய்தது.

இன்றைக்கு ஒப்பித்தல் என்றாலே கிளிப்பிள்ளைப் பாடம் என்று ஒரு கெட்ட பெயர். அந்தக் கெட்ட பெயரில் பாதி நியாயம், பாதி அநியாயம் என்பது என் கருத்து. பொருள் தெரியாமல் வரிக்கு வரி உருப்போடுவது வீண், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் முழுதும் போய்விடும். ஆனால் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்வது என்ற அந்தச் செயல் இருக்கிறதே, அது பொன்னானது. மனப்பாடத்தைத் திட்டுகிற வேகத்தில் அதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டோம். புரிந்துகொண்டு, சொந்த வார்த்தையில், பார்க்காமல் சொல்வதுதான் வேண்டியது. திருக்குறள், சூத்திரங்கள், வேதிச் சமன்பாடுகள் மாதிரி அப்படியே எழுதவேண்டியவற்றை அப்படியே சொல்லிப் பழகுவதிலும் ஒரு தப்பும் இல்லை.

நம் பள்ளிகளில் வைக்கிற ஸ்லிப் டெஸ்டும் அப்படித்தான். தினமும் காலையில் ஒரு அரைத்தாளில் நான்கு கேள்வி, பத்து நிமிடம். கற்றலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. நடைமுறையில் அதை என்ன செய்து வைத்திருக்கிறோம்? மார்க் குறைந்தால் இம்போசிஷன், பெஞ்ச் மேல் நிற்பது, பெற்றோரை அழைத்துவருவது. பிள்ளைக்கு அது கற்கும் கருவியாகத் தெரியாமல் தண்டனையின் முன்னோட்டமாகத் தெரிகிறது, அதனால் பக்கத்தில் எட்டிப் பார்த்து எழுதி ஒப்பேற்றுகிறது, எட்டிப் பார்த்தவுடன் பயன் முழுதும் போய்விடுகிறது. ஆசிரியர்கள் தயவுசெய்து ஸ்லிப் டெஸ்ட் மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டுப் பாருங்கள். விடையைப் பலகையில் எழுதிப்போட்டு அவர்களையே திருத்தச் சொன்னால் போதும்.

அடுத்தது இடைவெளி. 1885-ல் ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் பொருளே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று தன்னையே வைத்து அளந்து வெளியிட்டார். ஒரு நாள் கழித்து அதையே மறுபடி மனப்பாடம் செய்தால் முதலில் ஆன நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமானது. ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. அதாவது, முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அதற்குப் பிறகு மெதுவாகத்தான் குறைகிறது. பாடத்துக்கு அர்த்தம் இருப்பதால் இவ்வளவு மோசமாக மறக்காது, ஆனாலும் சரிவின் வடிவம் இதே மாதிரிதான். காலாண்டுக்குப் படித்தது அரையாண்டில் ஏன் புதுசாக இருக்கிறது என்று வருத்தப்படுவதில் பயனில்லை. நடுவில் தொடாவிட்டால் அப்படித்தான் ஆகும்.

மறக்க ஆரம்பித்த பிறகு திரும்ப வரவழைப்பதுதான் இதற்கு மருந்து. உடனே திருப்பினால் பயன் குறைவு, முழுக்க மறந்தபின் திருப்பினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். எத்தனை நாள் இடைவெளி என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. நிக்கோலஸ் செபெடாவும் அவர் குழுவினரும் 2008-ல் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்ததில், தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப நல்ல இடைவெளியும் கூடுகிறது என்று வந்தது. தேர்வு ஒரு வாரத்தில் என்றால் ஒரு நாள் விட்டுத் திருப்பலாம், ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் பத்து நாள் அளவுக்கு விடலாம். துல்லியமாகக் கணக்குப் போடவேண்டாம். இன்றைக்கு முடித்த பாடத்தை நாளைக்கு ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை, அடுத்த மாதம் ஒரு முறை மூடிவைத்துக் கேட்டுக்கொள்வது என்ற பழக்கமே போதும். பாடத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் அந்தத் தேதிகளைக் குறித்து வைத்துவிட்டால் எதை எப்போது தொடவேண்டும் என்ற குழப்பம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரே பாடத்தை ஆறு மணி நேரம் படிப்பதைவிட, அதே ஆறு மணி நேரத்தை மூன்று வாரத்துக்குப் பிரித்துவிடுவது நல்லது. செலவு ஒன்றுதான்.

கணக்குப் பாடத்தில் இன்னொரு கோளாறு இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. பிளஸ் ஒன் தொகை நுண்கணிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதியிடல் முறைக்கு ஒரு பயிற்சி, பகுதித் தொகையிடலுக்கு ஒரு பயிற்சி, பகுதிப் பின்னங்களுக்கு ஒரு பயிற்சி. பயிற்சியின் தலைப்பைப் பார்த்தவுடனேயே எந்த முறை என்று தெரிந்துவிடுகிறது, பத்துக் கணக்கையும் மடமடவென்று போட்டுவிடலாம். தேர்வில் வருகிற கணக்கு இது எந்தப் பயிற்சி என்று சொல்லிக்கொண்டு வராது. முறையைப் போடத் தெரியும், எந்த முறை என்று கண்டுபிடிக்கத் தெரியாது, காரணம் அதை ஒருநாள்கூடப் பழகியதில்லை. டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், நான்கு விதமான வடிவங்களின் கன அளவைக் காணும் கணக்குகளைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். வகை வகையாகப் பிரித்துப் பழகியவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், எல்லா வகையையும் கலந்து பழகியவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் பிரித்துப் பழகியவர்கள் 20, கலந்து பழகியவர்கள் 63. மூன்று மடங்குக்கும் மேல்!

ஆகவே முதலில் ஒரு முறையைக் கற்றுக்கொள்ளும்போது வரிசையாகப் போடுங்கள், அதில் தவறில்லை. கை பழகியதும் நான்கைந்து பயிற்சிகளிலிருந்து ஒவ்வொரு கணக்காக எடுத்துக் கலந்து போடுங்கள். துண்டுச்சீட்டில் கணக்கு எண்களை எழுதிக் குலுக்கி எடுத்தாலும் சரி, பழைய வினாத்தாள்களை எடுத்தாலும் சரி. பழைய வினாத்தாளின் அருமையே அது தானாகக் கலந்திருப்பதுதான். அதை விடைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள் பாருங்கள், அது மட்டும் வேண்டாம். மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதவேண்டும். கையும் பழகவேண்டியிருக்கிறது, பக்கம் பக்கமாக எழுதும்போது இரண்டாவது மணி நேரத்தில் விரல் வலிப்பதும் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு நேரம் போதாமல் போவதும் எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

அடிக்கோடு போடுவது, மஞ்சள் நிறப் பேனாவால் தீட்டுவது பற்றி ஒரு வார்த்தை. 2013-ல் ஜான் டன்லாஸ்கி தலைமையில் ஐந்து ஆய்வாளர்கள் பத்துப் படிப்பு முறைகளை எடை போட்டார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன. அடிக்கோடும் திரும்பப் படிப்பதும் அடியில் போயின. பேனாவைத் தூக்கிப் போடவேண்டாம், ஆனால் பக்கம் வண்ணமயமானால் பாடம் முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

தூக்கத்தைத் தொடாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிவிட்டால்தான் படிப்பு ஏறும் என்பது நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. சீக்கிரம் படுத்து நாலு மணிக்கு எழுகிற பிள்ளைக்குச் சரி. இரவு பன்னிரண்டு வரை படித்துவிட்டு நாலு மணிக்கும் எழுகிற பிள்ளைக்கு அது கொடுமை. பகலில் படித்தது தூக்கத்தில்தான் உறுதிப்படுகிறது, 1924-லேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் படித்துவிட்டுத் தூங்கினால் விழித்திருப்பதைவிடக் குறைவாக மறக்கிறது என்று காட்டினார்கள், அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் அதைப் பலப்படுத்தியிருக்கின்றன. தூக்கத்தை வெட்டி எடுக்கிற மணி நேரம் அன்றைய படிப்பையே அரிக்கிறது. அந்த வயதுப் பிள்ளைக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். செல்போனுக்கும் இதே இடத்தில் பதில் இருக்கிறது: படிக்கும்போதும் படுக்கும்போதும் அது வேறு அறையில் இருக்கட்டும்.

பெற்றோருக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதற்கு அவர்கள் படித்திருக்கவேண்டும் என்ற அவசியமே இல்லை. "படிச்சியா?" என்று கேட்டால் "படிச்சேன்மா" என்றுதான் பதில் வரும், இருவருக்கும் ஒன்றும் தெரியாது. அதற்குப் பதிலாக, வெங்காயம் உரித்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ, "இன்னைக்கு என்னடா படிச்சே, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். எழுத்தே தெரியாத அம்மாவும் இதைச் செய்யலாம். பிள்ளை எந்த இடத்தில் இழுக்கிறது, எங்கே "அது வந்து... அது..." என்று நிற்கிறது என்பது அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். "அது ஏன் அப்படி?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பதில் சொல்ல முடியாவிட்டால் திட்டவேண்டாம், "சரி, பார்த்துட்டு வந்து சொல்லு" என்றால் அது தானாகப் போய்ப் புத்தகத்தைப் புரட்டும்.

தேர்வுக்கு இன்னும் ஏழெட்டு நாள்தான் இருக்கிறது, இப்போது இதைப் படித்து என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: புதுப் பாடத்தைத் தொடாதீர்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள், எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, சிறிய பாடமாக இருந்தால் தொடலாம். ஆனால் ஒரு நாளின் பெரும்பகுதி மூடிய புத்தகத்தோடு போகட்டும். காலையில் ஒரு வினாத்தாள் எழுதுங்கள், மதியம் அதைத் திருத்தி விட்டுப்போனதை மட்டும் படியுங்கள், மாலையில் அதை யாருக்காவது சொல்லுங்கள், மறுநாள் காலை அடுத்த வினாத்தாளைத் தொடங்கும் முன் நேற்று தப்பியதை வெறும் தாளில் எழுதிப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் எழுதத் தொடங்கும் முன் வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடம் கொடுக்கிறார்கள். வீட்டில் எழுதும்போதும் அந்தப் பத்து நிமிடத்தைச் சேர்த்தே பழகுங்கள்: பேனாவைத் தொடாமல் முழுத்தாளையும் ஒரு ஓட்டம் பார்த்து, எந்தெந்த வினாக்களை எடுக்கப்போகிறோம், எதை முதலில் எழுதப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு, அப்புறம் எழுத ஆரம்பியுங்கள்.